இட்லிக்கு இடுப்பில் கை

என் உத்தியோக வாழ்க்கையில் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் பிழையே இல்லாமல் திருத்தியிருக்கிறேன். அதில் ஓர் எழுத்துகூட எனக்குப் படிக்கத் தெரியாது.

படிக்கத் தெரிந்த மொழியில் நான் பார்த்த வேலையைப் பற்றி ராயபுரத்தில் யாரிடமும் விசாரிக்க வேண்டாம். ஒரு முறை கோயில் திருவிழா நோட்டீஸ் என் கைக்கு வந்தது. ஒற்றுப்பிழை கிடையாது. காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. தேதி மட்டும் இல்லை. கோயிலிலிருந்து வந்த தாளிலேயே இல்லை, அதனால் நானும் தேடவில்லை. "திருவிழா எப்போ?" என்று கேட்டு எங்கள் அச்சக வாசலுக்கு வந்த கூட்டம், கொடியேற்றத்துக்குப் போன கூட்டத்தைவிடப் பெரிது என்று இன்றும் கல்மண்டபம் கடைத்தெருவில் சொல்வார்கள்.

போன மாதம் அந்த அச்சகத்தில் இப்போது வேலை செய்யும் ஜெனிஃபர் வீட்டுக்கு வந்திருந்தாள். பக்க வடிவமைப்பு அவள் வேலை. டி.வி. பக்கத்தில் நான் வைத்திருக்கும் தடித்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இது இன்னா பாஷை அங்கிள்?" என்றாள்.

"அம்ஹாரிக். எத்தியோப்பியாவுல பேசறது."

அவள் முதல் பக்கத்தின் மேல் போனை நீட்டினாள். போன் ஒரு நொடி யோசித்துவிட்டுத் தமிழில் சொன்னது: 'அன்று மழை பெய்துகொண்டு இருந்தது.' நான் சிரித்துவிட்டேன். எதற்குச் சிரித்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

"பாத்தீங்களா, ஒரு செகண்டு. நீங்க இதுக்கு எவ்ளோ நாள் எடுத்தீங்க?"

"ரெண்டு பேரு, வாரக்கணக்கா. தொண்டை கட்டினது தனி."

"அப்போ அத்த எழுதிக் குடுங்க அங்கிள். அச்சகத்து ஆண்டு மலர்ல போடலாம்." போகும்போது வாசலில் நின்று, "யாரு புரூஃப் பாக்கிறதுன்னு மட்டும் நாங்க முடிவு பண்ணிக்கிறோம்" என்றாள். திருவிழா நோட்டீஸ் கதை அவள் காதுக்கும் போயிருக்கிறது.

பள்ளிக்கூடம் முடித்துவிட்டுத் துறைமுகத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்தேன். துறைமுகம் எனக்காகக் காத்திருக்கவில்லை என்று தெரிந்ததும் அச்சகத்தில் சேர்ந்தேன். கப்பல் கம்பெனி படிவங்கள், மீன் பெட்டிக்கு ஒட்டும் லேபிள், சங்கத்து நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று எது வந்தாலும் அடிப்போம். முதலாளிக்கு 'முடியாது' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாம் பேச வரும். அச்சுக்கோத்த காலம் போய் ஆஃப்செட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. நான் மட்டும் அதே நாற்காலியில் இருந்தேன். நாற்காலியைக்கூட இரண்டு முறை மாற்றினார்கள்.

என் மேலாளர் தேவசகாயம் சார். தலைமைப் பிழை திருத்துநர். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நான் திருத்தி முடித்த தாளை வாங்குவார், மேலிருந்து கீழே ஒரு முறை பார்ப்பார். நான் விட்ட பிழை எந்த வரியில் இருக்கிறதோ, அந்த வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். தாள் திரும்பி வரும். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். எழுத்தா, இடைவெளியா, எண்ணா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். திட்டிவிட்டால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும். ஒரு நாள் ஒரு புள்ளிக்கு நேரே இருந்த வரியை மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. வெட்கத்தை விட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது நான் வச்ச புள்ளி இல்ல, ராயப்பன்" என்றார். "ஈ வச்சது."

அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "காப்பி என்ன சொல்லுது?" காப்பி என்றால் எழுதியவர் கொடுத்த மூலத் தாள். காப்பியில் இருப்பது அச்சில் இருக்க வேண்டும், இல்லாதது இருக்கக் கூடாது. கேள்வியும் அதுதான், பதிலும் அதுதான்.

நாங்கள் வேலை செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் காப்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார். எதிரே மற்றவர் புரூஃப் என்கிற சோதனை அச்சுத் தாளைப் பார்த்துத் திருத்துவார். ஒரு வரி ஒத்துப்போனதும் திருத்துபவர் "மேல" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் படிப்பவர் அடுத்த வரிக்குப் போவார். 'மேல' வராமல் கப்பலே கவிழ்ந்தாலும் அடுத்த வரி கிடையாது. எனக்குக் காப்பி படித்தவள் கஸ்தூரி, கொருக்குப்பேட்டை. தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு. கூட்ஸ் வண்டி போகும்போது அதற்கு மேல் சத்தம் போட்டுப் பேசிப் பழகிய தொண்டை. மதியத்துக்கு மேல் என்னிடமிருந்து 'மேல' வரவில்லை என்றால், கொஞ்சம் பார்ப்பாள், பிறகு ஸ்கேலால் மண்டையில் ஒன்று வைப்பாள். "தூங்கினியாண்ணா?" என்பாள். "யோசிச்சேன்" என்பேன். "கொறட்டை வுட்டா யோசிப்ப?" என்பாள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் முதலாளி இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். ஒருவர் நாற்பதை நெருங்கும் உயரமான மனிதர். பெயர் தாவித். எத்தியோப்பியாவில், அவர் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வாத்தியார், இங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து தங்கியிருந்தார். ஹாஸ்டல் மெஸ்ஸிலும் ஆட்டோவிலும் கற்றுக்கொண்ட தமிழ். "சார், நீ உட்காருங்க" என்பார். இன்னொருவர் அவர் அம்மா, அல்மாஸ். வெள்ளைப் பருத்தித் துணியால் முக்காடு. குனிந்த தலை நிமிரவே இல்லை.

அம்மாவுக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிஞ்சிய கண்ணில் இங்கே விழித்திரை ஆபரேஷன். கண்ணுக்குள் காற்றுக் குமிழி ஒன்றை வைத்திருந்தார்கள். அது கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும், கண்ணில் கட்டு. தனியாக லாட்ஜில் விட முடியாது என்பதால் தாவித் அவரைக் கூடவே அழைத்து வந்தார். எங்கள் மேசை ஓரத்தில் ஒரு தலையணையைப் போட்டு, அதில் நெற்றியை வைத்து உட்கார்ந்துகொள்வார். மிஷின் ரூமிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து எட்டிப் பார்த்து, "பாவம், இன்னா துக்கமோ" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அம்மா கவிழ்ந்தபடியே பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார்.

குமிழி கரைந்து ஊர் திரும்புவதற்குள் அவர் எழுதிய நாவலை இங்கேயே அடித்து முடிக்க வேண்டும். மூலம் கையெழுத்தில், உதிரித் தாள்களாக, ஒரு துணி மூட்டையில். மகன் அதைக் கம்ப்யூட்டரில் டைப் செய்து கொண்டுவந்திருந்தார். அவர்கள் ஊரில் மன்னரை இறக்கிவிட்டுப் பட்டாளம் நாற்காலியில் உட்கார்ந்த காலம். தெருவில் மாணவர் ஊர்வலம், பிறகு தெருவுக்குத் தெரு துப்பாக்கி, வீடு வீடாகச் சோதனை. அந்த நாட்களில் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆனது என்பதுதான் கதை என்றார் தாவித். அம்மாவின் கணவர் அச்சகத்தில் வேலை செய்தவராம். எங்கள் மிஷின் ஓட ஆரம்பித்ததும் கவிழ்ந்த தலை அந்தப் பக்கமாகத் திரும்பியதை நானே பார்த்தேன்.

"நீங்களே திருத்திக்கலாமே" என்றேன், நழுவப் பார்த்து.

தேவசகாயம் சார் குறுக்கிட்டார். "அவர் திருத்தினா கதைய வாசிப்பார். வாசிக்கிறவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. நம்ம ராயப்பனுக்கு ஒண்ணும் புரியாது. அதான் தகுதி."

என் சர்வீஸில் சார் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

சரி, புரியாததைப் பார்த்துத் திருத்தலாம். புரியாததைச் சத்தமாகப் படிப்பது எப்படி? கஸ்தூரி காப்பியைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இன்னாண்ணா இது, எய்த்தா கம்மல் டிசைனா? மேல் பக்கம் எதுன்னாவது கேட்டுச் சொல்லு."

தாவித் மேல் பக்கத்தைக் காட்டினார். அவள் முதல் எழுத்தை உற்றுப் பார்த்தாள். "தோ பாரு, இது நாற்காலி மாரி கீது. நான் நாற்காலின்னு சொல்றேன், ஒங்கிட்ட நாற்காலி கீதா பாரு."

"இருக்கு."

"அடுத்தது ரெண்டு காலும் விரிச்சிகினு... கூடாரம்."

"இருக்கு."

"அவ்ளோதாண்ணா! இதுக்குப் போயி பேஜாரு ஆயிட்டோமே."

அப்படித்தான் பெயர் வைத்தோம். குறுக்குக் கட்டையோடு இருந்தது சிலுவை. இரண்டு வட்டம் ஒட்டியது கண்ணாடி. வளைவு வைத்து இரண்டு கால் ஊன்றியது வாசல். வளைந்து தொங்கியது தூண்டில், பிடியோடு வளைந்தது அரிவாள். வட்டத்துக்கு நடுவே கோடு போனது குச்சி ஐஸ். கொஞ்சம் குண்டாக இருந்த ஒன்றுக்கு கஸ்தூரி இட்லி என்று வைத்தாள், அது பசி நேரம். வாக்கியம் முடியும் இடத்தில் அவர்கள் நாலு புள்ளி வைப்பார்கள். அதற்குப் பெயர் வைக்க யோசிக்கவே இல்லை. கோலம்.

இரண்டாம் நாள்தான் தெரிந்தது, ஒவ்வொரு எழுத்துக்கும் ஏழு உருவம். அதே எழுத்து, ஒரு இடத்தில் இடுப்பில் சின்னக் கோடு, ஒரு இடத்தில் காலடியில் கோடு, ஒரு இடத்தில் காலில் வளையம். எனக்குத் தலை சுற்றியது. கஸ்தூரி சொன்னாள்: "நம்ம க, கா, கி, கீ தாண்ணா இது. நம்மளுது கொம்பு போட்டுக்கும், இதுங்க நகை போட்டுக்குது." உடனே இலக்கணம் தயார். இடுப்பில் கை, காலில் செருப்பு, காலில் மெட்டி, ஒரு காலை நீட்டி.

ஆக, அந்த வாரத்திலிருந்து ராயபுரத்தில் ஒரு சரித்திர நாவல் இப்படி வாசிக்கப்பட்டது: "நாற்காலி! சிலுவை, கால்ல மெட்டி! இட்லி, இடுப்புல கை! கோலம்!" "மேல!" மிஷின் சத்தத்துக்கு மேல் கஸ்தூரி கத்த, கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேசை ஆட, டீ கொண்டுவந்தவர் டம்ளரை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வெளியே போனார்.

நாங்கள் கதையையும் விடவில்லை. மூன்று எழுத்துச் சொல் ஒன்று எங்கே பார்த்தாலும் வந்தது. தூண்டில், வாசல், அரிவாள். வாக்கியத்தின் முடிவில், கோலத்துக்கு முன்னால், வந்து நின்றுவிடும்.

"அவந்தாண்ணா ஹீரோ" என்றாள் கஸ்தூரி. "எல்லா எடத்துலயும் கடைசீல வந்து நிக்கிறான் பாரு. எத்தினி பேரு இன்னா பேசினாலும் முடிக்கிறவன் அவன்."

எனக்கும் சரியாகவே பட்டது. அவனுக்கு வாசல் என்றே செல்லப்பெயர் வைத்தோம். மிஷின் ரூமில் அவன் செத்துப்போவானா மாட்டானா என்று விவாதம் நடந்தது. ஒரு நாள் தாவித்திடமே கேட்டோம். அவர் எங்கள் விரல் காட்டிய சொல்லைப் பார்த்தார், உதட்டைக் கடித்தார், முடியாமல் சிரித்துவிட்டார்.

"அது ஆள் இல்ல சார். எங்க பாஷைல 'நெபர்'. தமிழ்ல... 'இருந்தது'. அவ்வளவுதான்."

கஸ்தூரிக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது தப்பில்லை. பழைய காலத்தைப் பற்றிய கதையில் 'இருந்தது'வை விட்டால் வேறு யார் ஹீரோ? ஜெனிஃபரின் போன் முதல் வரியை 'இருந்தது' என்று முடித்ததும் நான் சிரித்தது இதற்குத்தான். எங்கள் ஆள் இன்னும் அதே இடத்தில் நிற்கிறான்.

தாவித் இதை அம்மாவிடம் சொன்னபோது தலையணை குலுங்கியது. அன்றிலிருந்து அம்மாவுக்கும் கஸ்தூரிக்கும் ஒரு விளையாட்டு. டீ நேரத்தில் அம்மா கவிழ்ந்தபடியே கஸ்தூரியின் உள்ளங்கையை இழுத்து, விரலால் ஓர் எழுத்தை வரைவார். கஸ்தூரி அதன் பெயரைச் சொல்வாள். அம்மா திருப்பிச் சொல்வார்: "நாட்காலி." "இட்டிலி." கஸ்தூரி கூச்சத்தில் நெளிந்துகொண்டே, "கிச்சுகிச்சு மூட்டாத அம்மா" என்பாள். பொழுதுபோக்கு என்று நினைத்தேன். தாளில் இருப்பதைத் தவிர வேறு எதையும் கவனிக்காதவன் நான். தாளில் இருப்பதையும் எல்லா நேரமும் கவனித்தவன் இல்லை.

பாதிப் புத்தகம் தாண்டியிருப்போம். அன்று அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பரிசோதனை, தாவித் கூடப் போயிருந்தார். ஓர் அத்தியாயம் முடிந்தது. கஸ்தூரி அடுத்த தாளை எடுத்து, "வாசல், அரிவாள்" என்று ஆரம்பித்தாள். என் புரூஃபில் வாசலும் இல்லை, அரிவாளும் இல்லை. அடுத்த அத்தியாயம் நேராகத் தொடங்கிவிட்டது. சில தாள்கள் டைப்பே ஆகவில்லை. இப்படி விட்டுப்போனதை நாங்கள் 'அவுட்' என்போம். பிழைகளிலேயே பெரிய பிழை அதுதான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

விட்டுப்போன தாள்களைக் கஸ்தூரி புரட்டினாள். "அண்ணா, இத்தப் பாரேன். ஒரே வார்த்தை மூணு எடத்துல தனியா நிக்குது. நாற்காலி. கூடாரம், ஒரு கால நீட்டி. இட்லி, இடுப்புல கை. குச்சி ஐஸ். மறுபடியும் இட்லி, இடுப்புல கை. கண்ணாடி, காது தொங்குது. கோலம்." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சமையல் குறிப்புன்னு நெனைக்கிறேன்."

சாயங்காலம் தாவித் தனியாக வந்தார். நான் பெருமையோடு தாள்களைக் காட்டினேன். "சார், இத்தனையும் அவுட். நல்ல வேளை நாங்க பார்த்தோம்."

அவர் முகம் மாறியது. "அவுட் இல்ல. நான்தான் எடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாது."

"ஏன் தம்பி?" என்றாள் கஸ்தூரி.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். பட்டாளம் வீட்டுக்கு வருகிறது. தெருவில் ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறது. அவர் கையில் அவரே அச்சடித்த துண்டுப் பிரசுரம். வீட்டு வாசலில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணிடம் கேட்கிறார்கள், இவன் உன் புருஷனா? ஆமாம் என்றால் அந்த வீட்டில் ஒருவரையும் விட்டுவைக்க மாட்டார்கள். அவள் சொல்கிறாள்: அலாவ்கெவும்.

"அப்படின்னா?"

"இந்த ஆளை எனக்குத் தெரியாது." அவர் விரல் அந்த ஆறு எழுத்தின் மேல் இருந்தது. "மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவை சொன்னாங்க. அப்பா திரும்பி வரல."

இட்லிக்கு இடுப்பில் கை என்று கத்திய கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தக் குழந்தை நான்" என்றார் தாவித். "கதைன்னு போட்டாலும் எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இந்த வயசுல அம்மாவ ஊர் பேசணுமா? வேணாம் சார். விட்டுடு... விட்டுடுங்க."

கஸ்தூரி என் பக்கம் கையைக் காட்டினாள். "தம்பி, இவர் பேரு ராயப்பன். இவங்க கோயில்ல சாவி வச்சிகினு ஒருத்தர் நிக்கிறாரே, ராயப்பரு, ஏசுவோட சீஷரு, அவரு பேரு. அவரும் சேவல் கூவுறதுக்குள்ள ஏசுவையே மூணு வாட்டி தெரியாதுன்னு சொன்னவருதான். அத்த பைபிள்ல எழுதினவங்க நாலு பேரு. ஒருத்தர்கூட அவுட் வுடல. ஊரு இன்னா பேசிச்சு? கோயில் கட்டிகிது."

தாவித் மெல்லச் சிரித்தார். "அவர் சாமி, அக்கா. இவங்க அம்மா."

அவர் அந்தத் தாள்களை மட்டும் எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

நான் தேவசகாயம் சாரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"காப்பி என்ன சொல்லுது?"

"இருக்குன்னு சொல்லுது சார். பிள்ளை வேணாங்கிறார்."

"காப்பி யாரோடது?"

"அம்மாவோடது."

"பிள்ளை யாரு?"

"டைப் பண்ணினவர்."

சார் புரூஃப் தாளை வாங்கினார். ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், ஒன்றுமே அச்சாகாத வெள்ளை இடத்துக்கு நேரே, ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். தாவித்திடம் அதைக் கொடுக்கச் சொன்னார். தாவித் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் மேசையிலிருந்து ரப்பரை எடுத்துப் புள்ளியை அழித்தார். சார் வைத்த புள்ளியை ஒருவர் அழித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஈகூட அந்தத் துணிச்சலைக் காட்டியதில்லை.

மறுநாள் எல்லோரும் இருந்தோம். அம்மா தலையணையில். மேசை மேல் அவர் விரல். கஸ்தூரி கத்தக் கத்த, அந்த விரல் மேசையில் ஏதோ கிறுக்கிக்கொண்டே வரும். எப்போதும் அப்படித்தான், நான்தான் கவனித்ததில்லை. கஸ்தூரி அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை மறுபடி ஒரு முறை படித்துச் சரிபார்த்தாள். "தூண்டில், வாசல், அரிவாள். கோலம்."

நான் 'மேல' சொல்ல வேண்டும். சொன்னால் அவள் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவுவாள், விஷயம் முடிந்தது. தாவித் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன், வரவில்லை. வீரத்தால் நிறுத்தினேன் என்று மலரில் எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால் அப்போது வாயில் பாதி மிளகாய் பஜ்ஜியும் இருந்தது, ஆகவே எது காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கஸ்தூரி ஸ்கேலை எடுக்கவில்லை. 'மேல' வரவில்லை, அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

தலையணையிலிருந்து குரல் வந்தது.

"வாசல். அரிவாள்."

அம்மா தொடர்ந்தார். தமிழில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவர், எங்கள் கொருக்குப்பேட்டை அகராதியில் தன் நாவலைச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் மேசையில் கிறுக்கியது கிறுக்கல் இல்லை. கஸ்தூரி கத்தியதை ஓர் எழுத்து விடாமல் தன் மொழிக்குத் திருப்பி, தன் புத்தகத்தைத் தானே பின்தொடர்ந்து வந்திருக்கிறார். எந்த இடம் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்து என்ன வர வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. "தூண்டில், கால்ல மெட்டி..." கஸ்தூரி என் பென்சிலைப் பிடுங்கி, கிடைத்த தாளில் ஒவ்வோர் எழுத்தாக வரைய ஆரம்பித்தாள்.

பிறகு அது வந்தது. "நாட்காலி. கூடாரம், ஒரு கால் நீட்டி. இட்டிலி, இடுப்புல கை..."

தாவித் எழுந்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அம்மா பதில் சொன்னார். மகன் குரல் உயர்ந்தது. அம்மாவின் குரல் உயரவில்லை. தலையும் உயரவில்லை, டாக்டர் உத்தரவு. மகன் ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார், கையை விரித்தார். அம்மா தலையணையைப் பார்த்தே பேசினார். தலை குனிந்தபடி ஒருவர் ஜெயித்த சண்டையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

என்ன சொன்னார் என்று பிறகு தாவித் எங்களுக்குச் சொன்னார். 'அவருக்கு ஒரு கல்லறை இல்லை. நான் அவரைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பக்கம்தான் அவர் கடைசியாக நிற்கும் இடம். அதையும் எடுத்துவிட்டால் நாலாவது தடவையும் தெரியாது என்று சொன்னதாகிவிடும். அதை நீ சொல்லாதே.'

தாவித் பையைத் திறந்து, அந்தத் தாள்களை எடுத்துக் கஸ்தூரி முன்னால் வைத்தார். லேப்டாப்பைத் திறந்து எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"படிங்க அக்கா. நான் டைப் பண்றேன்."

கஸ்தூரி படித்தாள். கத்தாமல் படித்தாள். அவள் தொண்டைக்கு அப்படியும் படிக்க வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புத்தகம் அச்சேறியது. எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று மிஷின் ரூமுக்குத் தெரியாது என்பதால் ஒவ்வொரு பிளேட்டிலும் நான் அம்புக்குறி போட்டேன். ஒரு பக்கம்கூடத் தலைகீழாகப் போகவில்லை. புரூஃப் கட்டு முழுவதையும் தேவசகாயம் சார் மேலிருந்து கீழே பார்த்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். எங்கும் புள்ளி இல்லை.

பைண்டிங் முடிந்து முதல் பிரதி வந்த அன்று அம்மா கறுப்புக் கண்ணாடியோடு, நிமிர்ந்த தலையோடு வந்தார். நினைத்ததைவிட உயரமாகத் தெரிந்தார். கஸ்தூரியின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, விரலை நீட்டி, "மேல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை வாரமும் அவர் என்னிடமிருந்து கேட்ட ஒரே சொல் அதுதான். எழுத்துக்கெல்லாம் நாங்கள் பெயர் வைத்தோம், எனக்கு அவர் வைத்துவிட்டார்.

புத்தகத்தை வாங்கி முகர்ந்தார். நேராக அந்தப் பக்கத்தைத் திறந்து, பார்த்து, மகனிடம் கொடுத்தார். வாசிக்கச் சொன்னார். இருவரும் ஒரே பக்கத்தின் மேல் குனிந்து நிற்க, தாவித் வாசிக்க ஆரம்பித்தார்.

அதன் சத்தத்தை நாங்கள் அன்றுதான் கேட்டோம். கஸ்தூரி என் பக்கத்தில் நின்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்: "வாசல், அரிவாள்..." நாங்கள் வாசல் என்று பெயர் வைத்த எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் கதவு என்று அர்த்தமாம். முதல் 'அலாவ்கெவும்' வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதுக்கு முன்னால் தாவித்தின் குரல் நின்றுவிட்டது.

வெளியே ஒரு லாரி போனது. மேசை ஆடி நின்றது. கஸ்தூரி என்னைப் பார்த்தாள். அது என் வேலைதான், அந்தச் சொல் என்னுடையதுதான். வாயில் பஜ்ஜியும் இல்லை. வரவில்லை.

அம்மா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"மேல."